தேடுகிறவரின் சொல்லும் நமது சரக்கும்

இடம்பெயர்ந்தபோது நாம் இழந்தவை காணியும் வீடும் கிணறும் மாத்திரமல்ல. நமது வெங்காயத்தையும் மிளகாயையும் கேட்டு வாங்கிய முகங்களையும் இழந்தோம். பழைய ஊர்ச் சந்தையில் "இன்னாருடைய தோட்டத்துச் சரக்கு" என்ற பேச்சே போதிய விளம்பரமாக இருந்தது. புதிய இடத்தில் நம்மை அறிந்தவர் இல்லை. ஆகவே தரகர் சொல்வதே விலையாகிறது.

இந்நிலையில், "இணையத்தில் போட்டால் விற்கலாம்" என்று பிள்ளைகள் சொல்வதைப் பல வீடுகளில் கேட்கிறோம். அது ஓரளவுக்கு உண்மை. ஆனால் அந்தச் சந்தை இயங்கும் விதத்தை விளங்கிக்கொள்ளாமல் இறங்கினால் கையிலுள்ள பணமும் போய்விடும். மக்கள் இணையத்தில் தேடும் முறை வியாபாரத்தை எவ்வாறு நடத்துகிறது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கூவி விற்றலும் தேடி வாங்கலும்

வானொலி விளம்பரம் மீன் வியாபாரி தெருவில் கூவிச் செல்வதைப் போன்றது. வேண்டியவரும் கேட்பார், வேண்டாதவரும் கேட்பார். இணையத் தேடலில் முதலில் வாய் திறப்பவர் வாங்குகிறவரே. நல்முத்தைத் தேடிப் புறப்பட்ட வணிகரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். தமக்கு வேண்டியது எது என்று அவருக்கு முன்னரே தெரியும். கைத்தொலைபேசியில் ஒரு சொல்லை எழுதித் தேடுபவரும் அத்தகையவரே.

தேடுபொறிகளுள் மிகப் பெரியது, 1998 இல் அமெரிக்காவில் லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகியோர் நிறுவிய கூகுள். புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற பெரிய அட்டவணையை அது வைத்திருக்கிறது. நாம் கேட்டதும் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகிறது. வேறு பக்கங்கள் எந்தப் பக்கத்தைச் சுட்டுகின்றன என்பதையும் கவனிக்கிறது. நாலுபேர் நல்லவர் என்று சொல்பவரை நாம் நம்புவதைப் போன்றது அது.

வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது பெரிய காரியம். 2006 இல் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட தேடற் பதிவுகளின்படி, 100 தெரிவுகளில் ஏறத்தாழ 42 முதலாவது விடைக்கும் 12 இரண்டாவதற்கும் சென்றன. கீழே இருந்தவற்றைப் பார்த்தவர் மிகச் சிலரே.

2. தேடலின் மூன்று நோக்கங்கள்

அன்ட்ரே புரோடர் என்ற கணினி அறிஞர் 2002 இல் தேடல்களை மூன்றாக வகுத்தார்:

(அ) தெரிந்த ஓர் இடத்தை அடைதல். உதாரணம்: ஒரு வங்கியின் பக்கம்.
(ஆ) அறிந்துகொள்ளுதல். உதாரணம்: "முருங்கையிலையின் பயன்".
(இ) ஒரு காரியத்தை முடித்தல். உதாரணம்: "முருங்கையிலைத் தூள் வாங்க".

அறிய வந்தவருக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். வாங்க வந்தவருக்கு விலை, நிறை, அனுப்பும் செலவு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். விளக்கம் கேட்டவரிடம் பையை நீட்டினால் அவர் போய்விடுவார். நல்ல விளக்கம் பெற்றவரோ வாங்கும் நாளில் நம்மை நினைப்பார்.

3. வாங்குகிறவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார்?

நாம் பனங்கட்டி என்கிறோம். தமிழ்நாட்டவர் கருப்பட்டி என்று தேடுவார். வெளிநாட்டில் பிறந்த நமது பிள்ளைகள் பாம் ஜாகரி என்று ஆங்கிலத்தில் எழுதுவர். பொருள் ஒன்று, சொல் மூன்று. பனங்கட்டி என்று மாத்திரம் எழுதினால் மற்ற இருவர் கண்ணிலும் நாம் படாமற் போகலாம்.

முருங்கையிலைத் தூளை உலகச் சந்தையில் மொரிங்கா என்றே கேட்கிறார்கள். அந்தப் பெயரே நமது முருங்கை என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். நமது சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் கேட்பவருடைய சொல்லையும் வைக்க வேண்டும்.

4. முதலிடம் விலைக்கு வரும்போது

2000 ஆம் ஆண்டில் கூகுள் சொற்களுக்கேற்ப விளம்பரம் விற்கத் தொடங்கியது. ஒரு சொல்லைத் தேடுபவர் முன் நிற்பதற்கு வியாபாரிகள் ஏலம் கேட்கிறார்கள். விளம்பரத்தின் தரமும் பார்க்கப்படும். பொதுவாக, ஒருவர் விளம்பரத்தை அழுத்தினாற்றான் பணம் அறவிடப்படும். 2023 இல் கூகுளின் தாய் நிறுவனத்திற்கு விளம்பரத்தால் வந்த வருமானம் ஏறத்தாழ 23,800 கோடி டொலர்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. தேவை எவ்வளவு அவசரமோ, அந்தச் சொல்லுக்கு அவ்வளவு போட்டி. அமெரிக்காவில், போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை தேடிய குடும்பங்களை இடைத்தரகர்கள் விளம்பரம் மூலம் பிடித்து, சிகிச்சை நிலையங்களுக்குத் தரகுக்கு விற்றனர். 2017 இல் கூகுள் அத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த நேர்ந்தது.

இது நமக்கும் எச்சரிக்கை. "வெளிநாட்டு வேலை", "அவசரக் கடன்" என்று நாம் தேடும்போது முதலில் நிற்பவர் பணம் கொடுத்து நிற்பவராக இருக்கலாம். அது விளம்பரம் என்பதைக் காட்டும் சிறு குறிப்பு அங்கே இருக்கும். அதைப் பார்க்காமல் அழுத்தக் கூடாது. முதலிடம் நேர்மைக்குச் சான்றல்ல.

5. நாம் செய்யக்கூடியவை

- உங்கள் பொருளை வாங்கக்கூடிய பத்துப் பேரிடம், அதை எந்தச் சொல்லால் தேடுவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டு உறவினரையும் கேளுங்கள்.
- கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசச் சேவையில் இரு சொற்களை ஒப்பிடலாம். எந்த மாதத்தில் தேடல் கூடுகிறது என்றும் காணலாம். அது ஒப்பீடு மாத்திரமே, வாங்குவோர் தொகையல்ல.
- கூகுளில் வியாபார விபரத்தை இலவசமாகப் பதியலாம். பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் முகவரியை மறைத்து, பிரதேசத்தை மாத்திரம் காட்டலாம். இடம் மாறினால் உடனே திருத்துங்கள்.
- கெட்டுப்போகும் மரக்கறியை விட ஒடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் போன்றவை தூரத்துக்கு ஏற்றவை. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் உணவுச் சட்டங்களை விசாரியுங்கள்.
- நிறையையும் தரத்தையும் உண்மையாக எழுதுங்கள். கள்ளத் தராசு இணையத்திலும் கள்ளத் தராசே. ஏமாந்தவர் எழுதும் கருத்தை அடுத்தவர் வாசிப்பார்.
- விளம்பரத்திற்குக் கடன் வாங்காதீர்கள். தனியே செய்வதை விடக் குழுவாகச் செய்வது நல்லது. ஊர்ச் சந்தையையும் கூட்டுறவையும் கைவிட வேண்டாம்.

நம்மை அறிந்த பழைய முகங்களை இணையம் திருப்பித் தராது. ஆனால் நாம் இன்னும் காணாத ஒருவர் எங்கோ இருந்து நமது பொருளைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவருடைய சொல்லைக் கேட்டு, உண்மையாக விடை சொன்னால், அவரும் ஒருநாள் நமது சரக்கைக் கேட்டு வாங்கும் முகமாவார்.

குழுவில் கலந்துரையாட:

1. நமது குழுவின் ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்கள் உண்டு? யார் எந்தப் பெயரைச் சொல்வர்?
2. அதை வாங்க விரும்புபவர் முதலில் கேட்கும் மூன்று கேள்விகள் எவை? நமது விடை என்ன?
3. இணையத்தில் முதலில் கண்டதை நம்பி நம்மில் எவராவது ஏமாந்ததுண்டா? பிறரை எப்படிக் காக்கலாம்?