வீட்டுத் திருத்த வேலைக்கு எந்தக் கொம்பிரசர்?

தமது காரை வீட்டிலேயே திருத்துவோர் கொம்பிரசர் வாங்கும்போது குதிரைவலுவையும் தாங்கியின் லீற்றரையுமே விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, 90 பீ.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கனஅடி காற்று வெளிவருகிறது என்பதையே. (சில லேபல்களில் உறிஞ்சும் காற்றின் அளவைத்தான் போட்டிருப்பார்கள், அது வேறு, கூடுதலாகவே இருக்கும்.) டயருக்குக் காற்றடிக்கச் சிறியதே போதும். அரை அங்குல இம்பெக்ட் ரென்ச்சுக்கு 4, 5 கனஅடி வேண்டும். ஆயினும் நட்டுக் கழற்றுவது சில விநாடி வேலை. 50 லீற்றர் தாங்கி சமாளித்துவிடும். பெயின்ற் அடிப்பதோ தொடர் வேலை. தாங்கியில் அழுத்தம் இறங்கியதும் சிறிய இயந்திரத்தால் ஈடுகொடுக்க முடியாது. அதற்கென்று பெரிதாக வாங்குவதைவிட அவ்வேலையை வெளியே கொடுப்பதே இலாபம்.

பாவித்ததை வாங்குவதாயின் தாங்கியின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து பாருங்கள். துருத் தண்ணீர் கொட்டினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். உள்ளே அரித்த தாங்கி வெடிக்கக்கூடியது. வெல்டிங் ஒட்டுப் போட்ட தாங்கியென்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.