கோடையில் டயரின் காற்றைக் குறைக்கலாமா?

கோடைக் காலத்தில் நெடுந்தூரப் பிரயாணம் புறப்படுமுன், டயர்களிலுள்ள காற்றில் நான்கைந்து பவுண்டு குறைத்துவிடும் வழக்கம் வண்டி ஓட்டுவோர் பலரிடம் உண்டு. வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம். காற்று விரிய முயல்வது உண்மையே. ஆனால் அதிலிருந்து அவர்கள் கொள்ளும் முடிவு தவறானது. வெடிப்பைத் தடுப்பதாக எண்ணிச் செய்யும் இச்செயலே வெடிப்புக்கு வழிகோலுகிறது. அஃது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

உஷ்ணத்தால் உயரும் அழுத்தம்

கன அளவு மாறாத வாயுவின் அழுத்தம் அதன் தனி உஷ்ணநிலைக்கு நேர் விகிதத்தில் அமையும். சென்டிகிரேடு அளவுடன் 273-ஐக் கூட்ட வருவதே தனி உஷ்ணநிலை. காலையில் 27 டிகிரியில் ஒரு டயரில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அழுத்தமானி, வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவை மட்டுமே காட்டும். ஆகவே வெளிக்காற்றின் 14.7 பவுண்டைக் கூட்ட, மொத்த அழுத்தம் 44.7 ஆகிறது. நண்பகல் ஓட்டத்தில் உள்ளிருக்கும் காற்று 57 டிகிரியை எட்டினால், தனி உஷ்ணநிலை 300-லிருந்து 330 ஆகும். மொத்த அழுத்தமும் அதுபோலவே பத்தில் ஒரு பங்கு உயர்ந்து 49.2 ஆகும், அழுத்தமானி 34.5 காட்டும். உயர்வு நாலரைப் பவுண்டே. நல்ல நிலையிலுள்ள டயர் இதனை எளிதில் தாங்கும்.

உண்மையான அபாயம்

1,200 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 300 கிலோவைத் தாங்குகிறது. 30 பவுண்டு அழுத்தத்தில், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் அளவே. காற்று 20 பவுண்டாகக் குறைந்தால் இப்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. பக்கச்சுவர்களும் மிகுதியாக மடங்குகின்றன. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் எனில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் ஒவ்வொரு பகுதியும் நிமிடத்திற்கு 500 முறை மடங்கி நிமிர்கிறது.

இரும்புக் கம்பி ஒன்றை ஒரே இடத்தில் விரைவாகப் பலமுறை வளைத்து நிமிர்த்தி, அவ்விடத்தைத் தொட்டுப் பார்க்குமாறு ஆசிரியர் மாணவரிடம் கூறலாம். அது சுடும். டயரிலும் இவ்வாறே உஷ்ணம் பிறக்கிறது. ரப்பர் உஷ்ணத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் அது உள்ளேயே சேர்ந்து, ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழை அடுக்குகளுக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. கொதிக்கும் சாலையும் அதிகச் சுமையும் சேர்ந்தால் டயர் வெடிக்கிறது. முன்சக்கரத்தில் இது நேரின் வண்டியைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். உரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும்.

2. ஓடிச் சூடேறிய டயரிலிருந்து காற்றை வெளியேற்றலாகாது. மேற்கூறிய டயரில் 34.5-ஐ 30 ஆகக் குறைத்தால், மறுநாள் காலை 27 டிகிரியில் அது 26 பவுண்டே காட்டும்.

3. தேய்மானத்தைக் கவனிக்க வேண்டும். இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பின் பெரும்பாலும் சக்கர நேரமைப்பில் பிழை. ஆங்காங்கே குழிந்திருப்பின் எடைச் சமன்பாட்டிலோ அதிர்ச்சி தாங்கியிலோ குறை இருக்கலாம். பின்னிரண்டையும் பணிமனையில் உடனே சரி செய்விக்க வேண்டும்.

4. கார் டயர்களின் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகளாகத் தேய்வுக்குறிகள் உள்ளன. மேற்பரப்பு தேய்ந்து இவற்றின் மட்டத்தை அடைந்தால், எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டரே. அந்த டயரை மாற்றிவிட வேண்டும்.

5. மாற்றுச் சக்கரத்தின் காற்றையும் தவறாது சோதிக்க வேண்டும்.

மாணவர்க்கு வினா

காலையில் 27 டிகிரியில் 25 பவுண்டு இருந்த டயர் 57 டிகிரியில் எவ்வளவு காட்டும்? கணக்கின்படி விடை சுமார் 29. ஆயினும் அந்த டயர் அதே 57 டிகிரியில் நின்றுவிடுமா என்பதையும் மாணவர் சிந்திக்கட்டும்.