செவிலிய மாணவர்களின் மருத்துவமனைப் பயிற்சி

செவிலியக் கல்வியின் உயிர்நாடி, நோயாளியின் படுக்கையருகே பெறும் பயிற்சியாகும். நம் நாட்டில் 1946-ஆம் ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில், நாடு முழுவதற்கும் பொதுவான பயிற்சி நெறிகளை வகுத்து வருகிறது.

பயிற்சியாளரா, பணியாளரா?

செவிலியர் பற்றாக்குறை மிகுந்த மருத்துவமனைகளில், பயிற்சிக்கு வரும் மாணவியர் ஆட்குறையை நிரப்பும் கைகளாகவே கருதப்படுவதுண்டு. படுக்கை விரிப்பதும், வெப்பநிலை குறிப்பதும், மருந்துச் சீட்டுடன் அலைவதுமாக நாள் கழிகிறது. அன்று கற்க வேண்டியது கற்கப்பட்டதா எனக் கேட்பாரில்லை. பத்து மாணவர்க்கு ஓர் ஆசிரியர், ஒரு மாணவர்க்கு மூன்று நோயாளிகள் என்ற கவுன்சிலின் விகிதங்கள் இந்நிலையைத் தவிர்க்கும் நோக்குடையவை. ஆயினும், ஆசிரியர் கல்லூரியிலேயே தங்கிவிட்டால் விகிதம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

அச்சம் விளைக்கும் கேடு

ஊசி குத்திய காயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மேலதிகாரியிடம் தெரிவித்தல் வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்படின், இயன்றவரை இரண்டு மணி நேரத்திற்குள்ளும், எவ்வாறாயினும் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கப்பட வேண்டும். கண்டிப்புக்கு அஞ்சி மாணவி காயத்தை மறைத்தால் அக்காலம் வீணாகிறது. தவறான அளவில் மருந்து கொடுத்ததை மறைத்தாலோ, கேடு நோயாளியையே சேர்கிறது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பயிற்சி தொடங்குமுன் மஞ்சட்காமாலை 'பி' தடுப்பூசி மூன்று தவணைகளும் போடப்பட்டிருத்தல் நலம். இரண்டாவதாக, ஒவ்வொரு பிரிவிலும் அனுபவமிக்க செவிலியர் ஒருவரை வழிகாட்டியாகப் பெயர் குறித்து அமர்த்தி, அவரது ஏனைய பணிச்சுமையைக் குறைக்க வேண்டும். மூன்றாவதாக, நாள்தோறும் பணி முடிவில் சிறிது நேரம் கலந்துரையாடலுக்கு ஒதுக்க வேண்டும். முதன்முறையாக ஒரு மரணத்தைக் கண்ட மாணவிக்கு, அதைப் பற்றிப் பேசவும் இடம் வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பொறுப்பு எவருடையது என்ற தெளிவே தேவை. கேட்கத் தயங்காத மாணவியே நாளை தவறிழைக்காத செவிலியாக உருவாகிறாள் என்பதை நிர்வாகிகள் உணர்தல் இன்றியமையாதது.