பரண் பெட்டியில் ஒரு கிரிக்கெட் அணி

கேள்வி:

ஐயா, எங்கள் பூர்வீக வீடு திருவந்திபுரத்தில், கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. ஓடு மாற்றுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே கொலுவில் வைக்கும் கிரிக்கெட் செட் ஒன்று இருந்தது. பதினோரு பேரில் ஒன்பது பேர்தான் மிச்சம். இரண்டு பேருக்குக் கை உடைந்திருக்கிறது. வண்டிப்பாளையத்தில் வாங்கியது என்று அம்மா சொல்கிறார். அதோடு ரப்பர் பேண்டு போட்ட பிக் ஃபன் பபிள்கம் கிரிக்கெட் படங்கள், ஒரு கட்டு கிரிக்கெட் ட்ரம்ப் கார்டு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பாட்டியின் தாயக்கட்டைகள் (பித்தளையில் ஒரு ஜோடி, தந்தம் என்று பாட்டி சொல்லும் ஒரு ஜோடி), என் அண்ணன் புக் கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வைத்த இரண்டு நோட்டுகள் எல்லாம் இருந்தன.

அண்ணன் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பேஸ்பால் சம்பந்தப்பட்ட பழைய பொம்மைகளும் விளையாட்டுப் பெட்டிகளும் சேர்ப்பது அவன் பொழுதுபோக்கு. “அத்தை, எதையும் எறிஞ்சிடாதீங்க, இதெல்லாம் லட்சக்கணக்கில் போகும்” என்கிறான். என் வீட்டுக்காரரோ போகிக்குப் போட வேண்டிய குப்பை என்கிறார். யார் சொல்வது சரி? இவற்றை எப்படிப் பாதுகாப்பது? இதே மாதிரி இன்னும் சேர்க்க ஆசையாக இருக்கிறது. எங்கே தேடலாம்?

— ஒரு வாசகி, திருவந்திபுரம்

பதில்:

போகிக்கு எதையும் போடாதீர்கள். லட்சக் கணக்கையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் மருமகன் பேஸ்பாலில் பார்த்ததை வைத்துச் சொல்கிறார். அந்தக் கதை தெரிந்தால் உங்கள் பெட்டியின் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை ஒரு புகையிலை நிறுவனம் சிகரெட் பெட்டிக்குள் பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை வைத்து விற்றது. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிகச் சிலதான் மிஞ்சின. 2022இல் அப்படி ஒன்று 72 லட்சம் டாலரைத் தாண்டிக் கைமாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், டாப்ஸ் என்ற சூயிங்கம் நிறுவனம் 1952இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம் கணக்கில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய். அந்த 1952 அட்டைகளில் விற்காமல் தேங்கியவற்றை 1960இல் படகில் ஏற்றிப் போய்க் கடலில் கொட்டியதாக, அவற்றை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மீதியைப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகிக் கிழித்தார்கள், அம்மாமார்கள் குப்பையில் போட்டார்கள்.

இந்த விலைகளைப் பார்த்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பேஸ்பால் அட்டைகளை உறை பிரிக்காமல் அடுக்கி வைத்தார்கள். நிறுவனங்களும் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளின. 1987 முதல் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வந்த அந்த அட்டைகளை இன்று பெட்டியோடு கொடுத்தாலும் பெரும்பாலும் கேட்க ஆளில்லை. எல்லோரும் எறிந்த அட்டைக்குத்தான் மதிப்பு வந்தது.

நம் ஊரில் பிக் ஃபன் படங்களை யாரும் முதலீடாக நினைத்து வாங்கவில்லை. பபிள்கம்மோடு வந்த படத்தில் ஓட்டமோ விக்கெட்டோ போட்டிருக்கும். அவற்றைக் கூட்டிச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. விரலால் பக்கங்களை வேகமாகத் தள்ளினால் வீரர் மட்டையைச் சுழற்றுவது போலத் தெரியும் சின்னப் புத்தகத்துக்காகப் பையன்கள் ஆலாய்ப் பறந்தார்கள். பரிசுக்காகப் படங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், பள்ளிக்கூட வாசலில் பந்தயம் வைத்துத் தோற்றார்கள், மழையில் நனைத்தார்கள். ஆகவே மிஞ்சியது குறைவு. 1999 உலகக் கோப்பை சமயத்தில் பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் இருந்த ஓட்டங்களைச் சேர்த்து 100 கணக்குக் காட்டி வாங்கிய, சுரண்டிப் பார்க்கும் புத்தகங்களும் இதே ரகம்தான், சுரண்டியதும் எறிந்தாயிற்று. ஆனால் குறைவாக இருப்பதால் மட்டும் விலை வந்துவிடாது. வாங்குகிறவர் கூட்டம் வேண்டும், தரம் பார்த்துச் சான்று தருகிறவர்கள் வேண்டும், முழுத் தொகுப்பில் எத்தனை படம் என்ற பட்டியல் வேண்டும். பேஸ்பாலுக்கு இவை மூன்றும் இருக்கின்றன. நம் கிரிக்கெட் காகிதங்களுக்கு இன்னும் அமையவில்லை. இணையத்தில் ஒருவர் பெரிய தொகை போட்டிருப்பதைப் பார்த்தால், அது அவர் கேட்கும் விலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரம்ப் கார்டின் காலத்தைக் கண்டுபிடிக்க வழி, அட்டையில் அச்சிட்ட வீரர் புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது. கட்டில் டெண்டுல்கர் இருந்தால் அது 1989 நவம்பருக்குப் பிந்தியது. அப்போதுதான் அவர் டெஸ்ட் ஆட வந்தார். கபில்தேவ் 434 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றது 1994இல். அவர் அட்டையில் அதைவிடக் குறைந்த எண் இருந்தால், அந்த எண் எந்தத் தொடரோடு ஒத்துப்போகிறது என்று பழைய புள்ளிவிவரத்தில் பாருங்கள். கவாஸ்கர் பத்தாயிரம் ஓட்டத்தைத் தாண்டியது 1987 மார்ச்சில், அகமதாபாத்தில். அவர் அட்டையில் பத்தாயிரத்துக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கணக்கு அதற்கு முன் எடுத்தது. நாலைந்து வீரர்களை இப்படி ஒத்துப் பார்த்தால் கட்டு அச்சான காலத்தை ஓராண்டு முன்பின்னாகச் சொல்லிவிடலாம். விளையாட்டுப் பொருள் சேர்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

இப்போது கொலு செட்டுக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் என் கண் முதலில் போனது அதன்மேல்தான்.

வண்டிப்பாளையம் உங்கள் கடலூர் மாவட்டத்தின் பெருமை. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் தலைமுறை தலைமுறையாகக் கொலு பொம்மை செய்யும் ஊர். தசாவதாரம், கல்யாண செட் வரிசையில் கிரிக்கெட் செட்டும் சேர்ந்தது கொலுவின் இயல்பு. ஊரில் நடப்பதெல்லாம் படியேறும். உலகில் எத்தனையோ பேஸ்பால் பொம்மைகள் உண்டு. நவராத்திரியில் அம்பாளுக்குப் பக்கத்தில் நின்று சுண்டல் மணத்தில் பத்து நாள் ஆடிய அணி நம் கிரிக்கெட் அணி ஒன்றுதான்.

ஒரு பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கனமாக, உள்ளே வெற்றிடமாக, அடியில் துளையோடு இருந்தால் மண். கையில் எடுத்ததும் எடையே தெரியவில்லை என்றால் காகிதக் கூழ். பக்கவாட்டில் காதிலிருந்து தோள் வழியாக ஒரு மெல்லிய கோடு இறங்கும். முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்த இடம் அது. உடைந்த கைக்குள் கம்பி தெரிகிறதா, வண்ணத்துக்கு அடியில் வெள்ளைப் பூச்சு இருக்கிறதா என்று கவனியுங்கள். பொம்மையின் உடுப்பும் காலம் சொல்லும். 1983லும் 1987லும் உலகக் கோப்பையை வெள்ளைச் சட்டையில்தான் ஆடினார்கள். வண்ணச் சட்டை வந்தது 1992 உலகக் கோப்பையில். நெஞ்சில் சஹாரா என்று எழுதியிருந்தால் 2001க்குப் பிந்தியது. வெள்ளைச் சட்டையும், மட்டையாளர் தலையில் ஹெல்மெட்டுக்குப் பதில் தொப்பியுமாக இருந்தால் பழைய அச்சாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் டெஸ்ட் ஆட்டத்துக்கு இன்றும் வெள்ளைதான் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

உடைந்த கையை ஒட்டப் போகாதீர்கள். புது வண்ணம் கூடவே கூடாது. துண்டுகள் பெட்டியின் மூலையில் கிடந்தால் எந்தப் பொம்மையுடையது என்று எழுதிச் சின்ன உறையில் போட்டு அதனோடு வையுங்கள். ஈரத்துணி ஆகாது, அந்த வண்ணத்தில் பல தண்ணீர் பட்டதும் கரைந்து வரும். பஞ்சு போன்ற தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

தலையாட்டி பொம்மையை உங்கள் மருமகனுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், மகிழ்ந்துபோவார். பேஸ்பால் சேகரிப்பில் தலையாடும் வீரர் பொம்மைகளுக்குத் தனி இடம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் காகிதக் கூழில் செய்து அமெரிக்க மைதானங்களில் விற்றார்கள். மேன்டில், மாரிஸ், மேஸ், கிளெமென்டே என்ற நாலு வீரர்களுக்கு மட்டும் பெயர் போட்ட பொம்மை. மற்றதெல்லாம் ஒரே பையன் முகம், அணியின் சட்டை மட்டும் மாறும். பீடத்தின் நிறம் வெள்ளையா, பச்சையா, தங்கமா என்று பார்த்து எந்த வரிசையில் வந்தது என்று பிரிப்பார்கள். கழுத்தில் சுருள்கம்பி வைத்த பொம்மைகள் அவை. நம் தஞ்சாவூர் நாட்டியப் பெண் பொம்மையில் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனியாக ஒன்றின்மேல் ஒன்று தொங்கி ஆடும். ராஜா ராணி பொம்மையோ அடிக்கனத்தால் சாய்த்தாலும் நிமிரும். தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

தாயக்கட்டையில் கொஞ்சம் கவனம் வேண்டும். பித்தளை ஜோடியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பல வருஷம் உருட்டிப் படிந்த நிறமும் புள்ளிகளின் ஓரத் தேய்மானமும்தான் அதன் வயது. ‘தந்தம்’ ஜோடியின் வெட்டு முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த வலைக்கோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். கறுப்பாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. பல வீடுகளில் தந்தம் என்று சொன்னது எலும்பாகத்தான் இருக்கும். தந்தம் என்று சந்தேகம் வந்தால் வாங்குவது, விற்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது எதுவும் கூடாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். அதே 1972இல் வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்தைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் முடியாது. பாட்டிக்கும் பாட்டி காலத்துப் பொருளை மருமகனின் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை உங்கள் ஊருக்கு மூன்று எதிரிகள்: உப்புக் காற்று, ராமபாணப் பூச்சி, வெள்ளம். 2011 தானே புயலும், 2015 வெள்ளமும், 2024 ஃபெஞ்சலும் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரையிலும் கட்டில் அடியிலும் எதையும் வைக்காதீர்கள். ஆள் உயரத்துக்கு மேல், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரப்பர் பேண்டை இன்றே கத்தரித்து எடுத்துவிடுங்கள். அது உருகிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அச்சு உரியும். படங்களை லேமினேஷன் செய்யக் கூடாது; செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. பசைத் தாள் ஆல்பமும் வேண்டாம். பக்கத்துக்கு ஒன்பது பை உள்ள கார்டு ஆல்பம் போதும். அந்துருண்டை சில பிளாஸ்டிக்கைக் குழைய வைக்கும் என்பதால் பொம்மைப் பெட்டியில் போடாதீர்கள். காகிதக் கூழ் பொம்மையில் மாவுப் பசை இருக்கும், பூச்சிக்கு அது விருந்து. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வசம்புத் துண்டைத் துணியில் கட்டி ஓரமாக வைக்கலாம்.

கடைசியாக அந்த இரண்டு நோட்டுகள். புக் கிரிக்கெட்டில், புத்தகத்தைப் பிரித்ததும் வரும் இரட்டைப்படைப் பக்கத்தின் கடைசி இலக்கம்தான் ஓட்டம், பூஜ்யம் வந்தால் அவுட், எட்டு வந்தால் என்ன என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. அமெரிக்காவில் இதற்கு இணையாக, வட்டத் தட்டும் சுழல்முள்ளும் வைத்த ஆல்-ஸ்டார் பேஸ்பால் 1941இல் வந்தது. பகடை உருட்டி ஆடும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1961இல். வீரர்களின் உண்மையான புள்ளிவிவரத்தை வைத்து ஆடும் அந்தப் பெட்டிகளைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் பிள்ளைகள் சமூக அறிவியல் புத்தகத்தைப் பிரித்து அதே மாதிரி ஓர் ஆட்டத்தைச் செலவில்லாமல் ஆடினார்கள். அதற்கு அச்சிட்ட விதிப்புத்தகம் இல்லை, கம்பெனி இல்லை. இருக்கும் ஒரே ஆதாரம் இப்படிப்பட்ட நோட்டின் கடைசிப் பக்கங்கள்தான். உங்கள் பெட்டியில் வேறெங்கும் இன்னொரு பிரதி கிடைக்காத பொருள் அது. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து, எட்டுக்கு என்ன விதி, நோபால் உண்டா, எந்தப் புத்தகம், யார் யார் ஆடினார்கள் என்று கேட்டுத் தனித்தாளில் தேதியோடு எழுதி நோட்டுக்குள் வையுங்கள். பொம்மைகளுக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். அம்மாவிடம் எந்த வருஷ நவராத்திரி, எந்தத் தெருவில் வாங்கியது என்று கேளுங்கள். இதில் தாமதம் வேண்டாம். பெட்டியைப் பிரித்து விற்கவும் வேண்டாம்; ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆடியது என்பதால்தான் அது ஒரு தொகுப்பு.

மேலும் தேடப் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உங்களுக்குப் பக்கம். பழைய பொருள் கடைகளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பெயர்போனது. ஆனால் விலை தெரிந்துகொண்ட பிறகு போங்கள், முதல் வருஷம் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் பலன் உண்டு. எல்லாவற்றையும் சேர்க்காமல் ‘கிரிக்கெட் விளையாட்டுப் பொருள், கடலூர் வட்டாரம்’ என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள்.

நவராத்திரிக்கு முன் ஒருநாள் ஒன்பது பேரில் ஒருவரை மட்டும் பஞ்சில் சுற்றி வண்டிப்பாளையம் எடுத்துப் போய்ப் பெரியவர்கள் யாரிடமாவது காட்டுங்கள். அச்சைப் பார்த்தே எந்த வீட்டு வேலை என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள். கையோடு அவர்களிடம் புது செட் ஒன்றையும் விலை பேசாமல் வாங்கி வாருங்கள். மார்கழி பிறந்ததும் உங்கள் தெருவில் நாலு வீட்டில் கேட்டு வையுங்கள்: போகிக்கு ஒதுக்கும் பெட்டிகளை ஒருமுறை பார்க்கத் தர முடியுமா என்று.