சர்வீஸுக்குப் பின் பிரேக் தவறுவதேன்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் அமைந்தது எங்கள் ஆலந்தலை. மீனும் பனிக்கட்டியும் நிறைந்த பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சந்தைக்கு விரைவோர் இங்கு உண்டு. அவர்கள் உயிர் பிரேக் லீவரை நம்பியே இருக்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் அந்த லீவர் திடீரெனத் தளர்ந்துபோவது ஏன்? நாம் வகுப்பில் படிக்கும் பாஸ்கல் விதியே இதற்கு விடை தரும்.

விதியும் விலையும்

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். லீவரை ஒட்டிய மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 1 சதுர செ.மீ., சக்கரத்தருகே காலிப்பரில் உள்ள பிஸ்டன் பரப்பு 4 சதுர செ.மீ. என்று கொள்வோம். விசை நான்கு மடங்காகும். நகர்வோ நான்கில் ஒரு பங்காகும். மேலே 8 மி.மீ. நகர்ந்தால் கீழே 2 மி.மீ. தான்.

புதிய பேடு பொருத்தும்போது மெக்கானிக் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவார். அது 5 மி.மீ. உள்ளே போயிருந்தால், மூன்றாம் முறை அழுத்தும்போதுதான் பேடு டிஸ்க்கைத் தொடும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 10 மீட்டர் ஓடும். மூன்று முறை அழுத்த ஒன்றரை நொடி ஆயின், 15 மீட்டர் தடையின்றிக் கடந்துவிடும். பழுதான பாகம் ஒன்றுமில்லை. ஒப்படைக்குமுன் லீவரை அழுத்திப் பார்க்காததே குறை.

கண்டறியும் முறை

வண்டியை நிறுத்தி வைத்து லீவரை அழுத்துக.

1. சிலமுறை அழுத்தியதும் இறுகி, பின்னும் இறுக்கம் மாறாதிருந்தால், மேற்சொன்ன காரணமே.

2. பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால், குழாயில் காற்று புகுந்துள்ளது. திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். 'ஏர்' எடுக்கவேண்டும்.

3. அழுத்திப் பிடித்திருக்கையிலேயே லீவர் மெல்லக் கைப்பிடியை நெருங்கினால், இணைப்பில் கசிவு இருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் பழுதாகியிருக்கலாம். வண்டியை ஓட்டவே கூடாது.

4. லீவர் இறுக்கமாயிருந்தும் வண்டி நிற்காவிட்டால், பேடிலோ டிஸ்க்கிலோ கிரீஸ் பட்டு உராய்வு குறைந்திருக்கலாம்.

5. சற்றுத் தூரம் ஓடிச் சூடேறியபின் தளர்ந்தால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கலாம். இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. 'டாட் 4' வகை, புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அந்த அளவு 155 டிகிரியே.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருப்பின், கம்பியின் நட்டையும் காண்க. அளவுக்குமேல் முடுக்கினால் பிரேக் ஓயாமல் உரசிச் சூடேறும்; தளர்ந்தால் பெடல் கீழே போய்விடும்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பதே அதன் வேலை. கசிந்துபோன ஆயிலை அது மீட்டுத் தராது.

முடிவுரை

எஞ்சினைச் சோதியாமல் வள்ளத்தைக் கடலில் இறக்கலாகாது என்பது எங்கள் ஊரார் அறிந்ததே. அதே எச்சரிக்கை கரையிலும் வேண்டும். சர்வீஸ் நிலையத்தை விட்டு வெளியேறுமுன் லீவரை நான்கைந்து முறை அழுத்தி, மெல்ல உருட்டி, இரு பிரேக்குகளையும் சோதிப்போம். ஐயமிருப்பின் வண்டியை அங்கேயே விட்டு வருவோம்.