எது அசல் டிவி கேம்?

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றின் சுற்றமைப்பை, விருப்பப்படி மாற்றியமைக்கத்தக்க ஒரு சிப்புக்குள் மறுபடி கட்டுவதே வன்பொருள் எமுலேஷன். அந்தச் சிப்புக்கு எஃப்.பி.ஜி.ஏ. என்று பெயர். வாங்கும்போது அதற்குள் எந்தப் பெட்டியும் இராது. சின்னச் சின்னத் தருக்க அலகுகளும் அவற்றை இணைக்கும் பாதைகளும் மட்டுமே இருக்கும். ஜைலிங்ஸ் நிறுவனம் 1985-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் சிப்பான எக்ஸ்.சி.2064-இல் இத்தகைய அலகுக் கூட்டங்கள் 64 இருந்தன. இன்று பழைய கேம் பிரியர்கள் பயன்படுத்தும் சைக்ளோன் 5 சிப்பில் சுமார் 1,10,000 அலகுகள். எந்த அலகு எதனோடு சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பை ஏற்றியதும் சிப் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டி ஆகிறது. வேறு கோப்பை ஏற்றினால் மெகா டிரைவ் என்ற இன்னொரு பெட்டி ஆகிறது. கோப்புக்கு வழக்கில் உள்ள பெயர் 'கோர்'.

மென்பொருள் எமுலேட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் குற்றாலத்தில் நின்று யோசித்தால் எளிதில் பிடிபடும். ஐந்தருவியில் ஐந்து கிளையும் ஒரே நேரத்தில் விழுகின்றன. ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. பழைய பெட்டிக்குள் மையச் செயலியும் படச் சிப்பும் ஒலிப் பகுதியும் அப்படித்தான் இயங்கின. எஃப்.பி.ஜி.ஏ.யிலும் அதே கதைதான். மென்பொருள் எமுலேட்டரோ ஒரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஐந்து இடத்துக்கும் மாறி மாறி ஓடித் தண்ணீர் ஊற்றும் ஆள். ஓட்டம் போதுமான வேகத்தில் இருந்தால் கீழே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதைத் தொடங்க நினைப்பவர்களிடையே சில நம்பிக்கைகள் உறுதியாக வேர்விட்டிருக்கின்றன. சிலவற்றில் பாதி உண்மை உண்டு.

நம்பிக்கை: "எஃப்.பி.ஜி.ஏ. எமுலேஷனே கிடையாது, அது அசலேதான்."

விற்பவர்கள் விரும்பும் வாசகம் இது. ஆனால் கோர் தானாக முளைப்பதில்லை. வெரிலாக் அல்லது வி.ஹெச்.டி.எல். மொழியில் ஒரு மனிதர் அதை எழுதுகிறார். பழைய சிப் எப்படி நடந்துகொண்டது என்று அவர் புரிந்துகொண்ட அளவுக்குத்தான் கோர் சரியாக இருக்கும். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தவறு அப்படியே கோருக்குள் போகும்.

சிப்பின் மேலுறையை நீக்கி உள்ளே படமெடுத்துச் சுற்றைப் படித்தறிவது உண்டு. ஃபேமிகாமின் மூளைக்கு அடிப்படையான 6502 செயலியில் இருப்பவை சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள். 2010-ல் ஒரு குழு அத்தனையையும் படத்திலிருந்து வரைந்து கணினியில் ஓடவும் விட்டது. எல்லாச் சிப்புக்கும் அந்த பாக்கியம் வாய்க்கவில்லை. பலவற்றை, உள்ளீடு கொடுத்து வெளியே வருவதைக் கவனித்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, கோர் நல்லதா என்று கேட்க வேண்டும், எஃப்.பி.ஜி.ஏ. என்ற ஒரே காரணத்தால் எதுவும் துல்லியமாகிவிடாது.

நம்பிக்கை: "சின்ன வயதில் ஆடிய அதே நெஸ் பெட்டி திரும்பக் கிடைக்கும்."

தென்காசியானாலும் திருநெல்வேலியானாலும், தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து ஆடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நின்டெண்டோவின் பெட்டிகளே அல்ல. 1983-ல் ஜப்பானில் வெளிவந்து, மேலை நாடுகளில் நெஸ் என்ற பெயரில் விற்ற ஃபேமிகாமின் நகல்கள் அவை. இந்தியாவில் லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்றன. பெயரே இல்லாமல் வெறும் 'டிவி கேம்' என்றும் விற்றன. தைவானின் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் ஜப்பானியச் சிப்புகளைப் பார்த்துத் தாமே செய்த சிப்புகள் இத்தகைய நகல்களுக்குள் இருந்தன. பிற்காலப் பெட்டிகளில் முழுச் சுற்றும் ஒரே சிப்பாகச் சுருங்கி, போர்டில் கரும்பசைப் பொட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. வேறொருவரின் பெட்டியைப் புதிய சிலிக்கனில் மறுபடி கட்டுவதுதான் வன்பொருள் எமுலேஷன் என்றால், எஃப்.பி.ஜி.ஏ. என்ற சொல் காதில் விழும் முன்பே தென்காசிப் பிள்ளைகள் அதில் ஆடி முடித்துவிட்டார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொடங்குபவர் அவசியம் அறிய வேண்டியது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்.டி.எஸ்.சி. முறையில் டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்தியா ஏற்றுக்கொண்ட பி.ஏ.எல். முறையில் 50 முறை. ஃபேமிகாம் விளையாட்டுகள் திரைப் புதுப்பிப்பையே கடிகாரமாக வைத்து எழுதப்பட்டவை. 50-க்கு இறங்கினால் மரியோ ஓடுவதும் பின்னணி இசை நடப்பதும் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 17 சதவீதம், மெதுவாகும்.

நின்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று செய்த 50 சுழற்சிப் பெட்டியில் செயலியின் வேகத்தையும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-க்குக் குறைத்தது. அதனால் செயலிக்கும் படச் சிப்புக்கும் இடையிலிருந்த ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் கெட்டது; ஜப்பானிய கேசட்டுகள் சில அதில் தடுமாறின. நகல் செய்தவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, அவர்களுடைய கேசட்டுகள் எல்லாமே ஜப்பானியப் பிரதிகள். எனவே டிவிக்கு 50-ஐக் கொடுத்துவிட்டு, செயலியை 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, பழைய விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். திருட்டு வேலைதான்; ஆனால் மூளையுள்ள வேலை. இசையின் சுருதி கிட்டத்தட்ட ஜப்பானிய அளவிலேயே நின்றது, தாளம் மட்டும் தளர்ந்தது. யு.எம்.சி. சிப்புகள் சிலவற்றில் ஒலி அலையின் இரண்டு வடிவ அமைப்புகள் இடம் மாறியிருந்ததால் குரலும் சற்றே வேறாக ஒலித்தது.

ரஷ்யாவில் இதே வகை நகல் 'டெண்டி' என்ற பெயரில் புகழ்பெற்றது. மிஸ்டர் என்ற திட்டத்தின் நெஸ் கோரில் அமைப்பு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் என்.டி.எஸ்.சி., பி.ஏ.எல். இரண்டோடு டெண்டி என்ற மூன்றாவது வகையும் இருக்கிறது. பழைய நினைவைத் தேடி வருபவர் முதல் வகையில் ஆடினால் "எல்லாம் ரொம்ப வேகமாக ஓடுகிறதே" என்று திகைப்பார். கோர் பழுதில்லை. அவர் மனத்தில் பதிந்திருக்கும் வேகம் மூன்றாவது வகையில் இருக்கிறது.

நம்பிக்கை: "மென்பொருள் எமுலேட்டர் மட்டம்."

1997-ல் வந்த நெஸ்டிகிள் என்ற எமுலேட்டரை வைத்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். அது வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுத்தது. பிறகு நிலைமை மாறியது. பியூ என்ற புனைபெயரில் எழுதியவர் உருவாக்கிய பி.எஸ்.நெஸ், சூப்பர் நின்டெண்டோவை மிகுந்த துல்லியத்தோடு நகலெடுத்தது. ஒரு சில மெகாஹெர்ட்ஸில் ஓடிய பெட்டியைப் பிசகின்றிக் காட்ட 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்று 2011-ல் அவர் விளக்கியபோது பலர் வியந்தார்கள். குடம் தூக்கி ஓடும் ஆளுக்கு அவ்வளவு வேகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். இன்றைய சாதாரணக் கணினிக்கு அது பாரமில்லை. கோர் எழுதுபவர்களே தங்கள் வேலையைச் சரிபார்க்க இத்தகைய எமுலேட்டர்களை வைத்துக்கொள்வதுண்டு. செலவில்லாமல் தொடங்க விரும்புபவருக்கு வீட்டுக் கணினியும் மெசன் போன்ற ஓர் எமுலேட்டரும் போதும். அதில் மனம் நிறைந்தவர் போர்டுக்குப் பணம் போட வேண்டியதில்லை.

நம்பிக்கை: "காலேஜ் லேபில் இருக்கும் எஃப்.பி.ஜி.ஏ. போர்டே போதும்."

எலக்ட்ரானிக்ஸ் படித்த யாருக்கும் வி.எல்.எஸ்.ஐ. ஆய்வகத்தில் இந்த போர்டுகளோடு பழக்கம் இருக்கும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' செயலியைக்கூட ஜைலிங்ஸ் சிப் கொண்ட ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றி ஓட்டலாம். ஆனால் சைக்ளோன் சிப்புக்குக் கட்டிய கோர் கோப்பு ஜைலிங்ஸ் சிப்பில் ஏறாது. மூல நிரலிலிருந்து மறுபடி கட்டி, நினைவக இணைப்புகளையும் கால்களின் ஒதுக்கீட்டையும் மாற்றியெழுத வேண்டும். அதைச் செய்யக்கூடியவருக்கு இந்தப் பத்தி தேவையில்லை.

மற்றவர்களுக்கு மிஸ்டர்தான் நடைமுறை வழி. அலெக்சி மெல்னிகோவ் 2017-ல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. டெராசிக் நிறுவனத்தின் டிஇ10-நானோ என்ற போர்டை அடிப்படையாகக் கொண்டது. மாணவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் பயிற்சிக்கென்றே வந்த போர்டு. அதன் சிப்பில் எஃப்.பி.ஜி.ஏ.யோடு இரட்டை ஆர்ம் செயலியும் சேர்ந்திருக்கிறது. மெனுவையும் மெமரி கார்டையும் செயலி கவனிக்க, கேம் பெட்டி எஃப்.பி.ஜி.ஏ. பக்கம் உருவாகும். இதோடு 128 எம்.பி. எஸ்.டி.ரேம் துணை அட்டை, யூ.எஸ்.பி. ஹப், மைக்ரோ எஸ்.டி. கார்டு, நல்ல 5 வோல்ட் அடாப்டர், சிப்புக்கு மேல் ஒரு சின்ன விசிறி வேண்டும். எஸ்.டி.ரேம் அட்டையை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். கோர்களில் பெரும்பாலானவை அது இல்லாமல் ஓடா. 2024 முதல் மிஸ்டர் பை போன்ற, டிஇ10-நானோவுக்கு இணையான மலிவு போர்டுகளும் கிடைக்கின்றன. எதுவானாலும் வெளிநாட்டிலிருந்து வருவித்தால் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த போர்டில் எல்லாப் பெட்டியும் அடங்கும் என்பதும் தப்பு. எஃப்.பி.ஜி.ஏ.யில் கட்டிய சுற்று, அதற்கென்றே வார்த்த சிப்பின் வேகத்தை எட்டுவதில்லை. பிளேஸ்டேஷன் செயலி சுமார் 34 மெகாஹெர்ட்ஸ், அது அடங்கிவிட்டது. 93.75 மெகாஹெர்ட்ஸில் ஓடும் நின்டெண்டோ 64-ஐ ராபர்ட் பைப் என்பவர் திணித்துக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 294 மெகாஹெர்ட்ஸைத் தொடும் பிளேஸ்டேஷன் 2 இந்த போர்டுக்கு எட்டாக்கனி.

நம்பிக்கை: "எந்த டிவியில் மாட்டினாலும் பட்டனைத் தட்டியதும் குதிக்கும்."

போர்டுக்குள் தாமதம் மிகக் குறைவு என்பது சரி. ஆனால் படம் டிவிக்குப் போன பிறகு நடப்பது போர்டின் கையில் இல்லை. இன்றைய தட்டைத் திரைகள் படத்தை வாங்கி, கூர்மையாக்கி, அசைவை மெருகேற்றி, அதன் பிறகே காட்டுகின்றன. திரையில் ஒரு படம் மாற ஆகும் நேரம் 60 சுழற்சியில் 16.7 மில்லிநொடி, மெருகேற்றும் வேலை அதைப் போலப் பல மடங்கைத் தின்றுவிடும். டிவியின் 'கேம் மோட்' இவற்றை முடக்கும். போர்டில் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த ஒரு அமைப்பை மாற்றாமல் விடுவது பரிதாபம்.

வாத்து சுடும் விளையாட்டுத் துப்பாக்கி தட்டைத் திரையில் வேலை செய்யாததற்கும் இதே காரணம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைத் தேடும். வெளிச்சம் தாமதமாக வந்தால் குறி தப்பியதாகவே பெட்டி முடிவு செய்துவிடும். இதற்குப் படக்குழாய் டிவிதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் அது இன்னும் அரிய பொருளாகிவிடவில்லை. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் படக்குழாய் டிவிகள் போயின. பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் அவை கிடக்கின்றன. பழைய பெட்டிகளின் 240 வரிப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான திரை இல்லை. ஒரே சிக்கல், அவை மஞ்சள் பின் வழியாக வரும் கலவைச் சமிக்ஞையைத்தான் வாங்கும். மிஸ்டரோடு தனியாகச் சேர்க்கும் அனலாக் அட்டையிலிருந்து நிறங்கள் தனித்தனியாக வருவதால் நடுவே ஒரு மாற்றி தேவை. படக்குழாய் டிவியின் பின்மூடியைத் திறப்பது மட்டும் கூடாது. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

நம்பிக்கை: "கேசட்டை ஊதிப் போட்டால் ஓடும்."

உலகம் முழுக்க இருந்த வழக்கம். குற்றாலம் போன்ற ஈரமான ஊரில் மிகவும் கேடானது. ஊதுவதால் ஓடியது போலத் தெரிந்ததற்குக் காரணம், கேசட்டை எடுத்துத் திரும்பச் செருகியதுதான். அப்போது தகடுகள் உரசிப் புதிதாகத் தொட்டுக்கொண்டன. ஊதும்போது எச்சில் ஈரம் தகட்டில் படிந்து களிம்பு பிடிக்கும். சீசன் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழி வரும் சாரல் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. பழைய கேசட்டில் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் கேசட் செருகுமிடமே இல்லை என்றாலும் ஈரம் அதன் கால்களையும் விடாது. மூடியுள்ள பெட்டியும் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் சீசனுக்கு நல்லது.

நம்பிக்கை: "பழைய விளையாட்டுதானே, யாருக்கும் சொந்தமில்லை, 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் குற்றமும் இல்லை."

இருபத்து நான்கு மணி நேரச் சலுகை எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரல் உள்ளிட்ட இலக்கியப் படைப்புகளுக்குப் பொதுவாகப் படைத்தவரின் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும் பாதுகாப்பு தருகிறது. 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. கடையில் விற்பனை நின்றுபோனது உரிமையை நிறுத்தாது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிராகக் காப்புப் பிரதி எடுக்க இடம் தருகிறது. ஆகவே சொந்தமாக வாங்கிய அசல் கேசட்டிலிருந்து வாசிப்புக் கருவி மூலம் பிரதி எடுப்பவரின் நிலை வேறு. எங்கிருந்தோ இறக்கியவரின் நிலை வேறு. அலமாரியில் இருக்கும் '9999 இன் 1' கேசட் இதில் உதவாது. அந்தக் கேசட்டே உரிமையில்லாப் பிரதி, தவிர அதில் ஒரு சில விளையாட்டுகள்தான் எண் மாறி மாறி வரும்.

மிஸ்டர் கோர்களோடு விளையாட்டுகள் வருவதில்லை. முதல் நாள் ஏற்றிப் பார்க்க, இலவசமாகவே வெளியிடப்பட்ட '240பி டெஸ்ட் சூட்' என்ற சோதனை நிரல் ஏற்றது. திரையின் நிறம், தாமதம், ஒலி ஆகியவற்றை அதில் சரிபார்த்துக்கொண்டு, அமைப்பு வகையை டெண்டிக்கு மாற்றி, டிவி 50 சுழற்சியை ஏற்கிறதா என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் விற்ற டிவிகள் பொதுவாக ஏற்கும். கணினித் திரைகளில் சில கறுத்துப்போய் நிற்கும்.