மன்னிப்புக்கு விலை கொடுத்தது யார்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறீர்கள்: “கடவுள் அன்பானவர் என்கிறீர்கள். அப்படியானால் ‘போ, மன்னித்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே! நடுவில் சிலுவை எதற்கு, ரத்தம் எதற்கு?” பெரிய வெள்ளி ஆராதனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பலருக்கும் உள்ளூர இருக்கிற கேள்விதான் இது. வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு.

மன்னிப்பு பெறுகிறவருக்குத்தான் இலவசம். கொடுக்கிறவர் அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். இதை இயேசு ஒரு கணக்காகவே சொல்லியிருக்கிறார். மத்தேயு சுவிசேஷம் 18-ஆம் அதிகாரத்தில் வரும் வேலைக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக, 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் அடைத்து முடிக்க 2 லட்சம் வருஷம் ஆகும். அவனோ கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் முழுவதையும் கட்டிவிடுவதாகக் கெஞ்சுகிறான். ராஜா மனமிரங்கி மொத்தத்தையும் தள்ளுபடி செய்கிறார்.

அந்தப் பணம் எங்கே போனது? நகைக்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தால், கூட்டுறவுச் சங்கத்துக்கு வர வேண்டிய தொகையை அரசுதான் கட்ட வேண்டும். கடன் மறைந்துவிடுவதில்லை, தோள் மாறுகிறது. இங்கே முழு நஷ்டமும் ராஜாவின் தலையில் விழுந்தது. வெளியே வந்த வேலைக்காரன் தனக்கு 100 தெனாரி தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். தனக்கு விட்டுக்கொடுக்கப்பட்டதில் அது 6 லட்சத்தில் ஒரு பங்கு. தன் விடுதலைக்காக ஒருவர் இழந்திருக்கிறார் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

லூக்கா எழுதிய கெட்ட குமாரன் கதையிலும் இதுதான் நடக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தில் பங்கு கேட்கிறான் இளையவன். அவர் பிரித்துக் கொடுக்கிறார். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு அவன் திரும்பி வரும்போது, தெருவில் ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறார். அந்தச் சமூகத்தில் வயதான குடும்பத் தலைவர் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மானக்கேடு. அது போதாதென்று, விருந்துக்கு வராமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் மூத்தவனையும் வெளியே வந்து கெஞ்சுகிறார். சொத்தும் போயிற்று, ஊரில் மரியாதையும் போயிற்று. ஒரு வார்த்தையில் முடிந்த மன்னிப்பு இல்லை அது.

சிலுவையையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். கோபக்காரத் தகப்பன் ஒன்றும் அறியாத மகனை அடித்து ஆத்திரம் தீர்த்துக்கொண்டார் என்று சிலர் பிரசங்கிக்கும்போது எனக்கே கூசும். கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியது கடவுளே என்கிறார் பவுல். மூன்றாவது ஆள் யாரும் பிடித்து வரப்படவில்லை. தீங்குக்கு ஆளானவரே அந்தத் தீங்கின் பாரத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். அது எப்படி மீட்பாகிறது என்பதில் கருத்துகள் பல. கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098-இல் முடித்த நூலில், கடவுளுக்குச் செலுத்த வேண்டிய கடன் செலுத்தப்பட்டது என்றார். அடுத்த தலைமுறையின் இறையியலாளர் அபெலார்ட், அந்த அன்பைக் கண்டு மனித மனம் பற்றிக்கொள்வதையே முன்னிறுத்தினார். 381-ஆம் ஆண்டின் விசுவாசப் பிரமாணமோ, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

மனிதர்களிடையே இது எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் ஒரு நள்ளிரவில், அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த வண்டியோடு அவரையும், அவர் மகன்களான 10 வயது பிலிப்பையும் 6 வயது திமோத்தியையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். அதன்பின் உடனே ஊரைவிட்டுப் போய்விடவில்லை. மகளோடு அங்கேயே இருந்து, 2004 வரை அந்தத் தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு சட்டத்தின் குறுக்கே போய் நிற்கவில்லை. பழிவாங்கும் உரிமை என்று ஒன்று இருந்தால், அதைத்தான் அவர் கைவிட்டார்.

இந்த விலையை மறந்தால் மன்னிப்பு மலிவாகிவிடும். ஹிட்லரின் ஜெர்மனியில் இருந்துகொண்டு 1937-இல் மலிவான கிருபையைக் கண்டித்து எழுதிய போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1945 ஏப்ரல் 9 அன்று பிளோசென்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். நம் பக்கத்து மலிவு வேறு மாதிரி. அடிபட்டு வந்த பெண்ணிடம், “இயேசு மன்னிக்கலையா? நீயும் மன்னிச்சு அனுசரிச்சுப் போம்மா” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அடித்தவன் மனந்திரும்ப வேண்டியதில்லை, சபைக்கு அலைச்சல் இல்லை, செலவு முழுவதும் அவள் கணக்கில். அதற்குச் சிலுவையின் பெயரைச் சூட்டுவது பெரிய அநியாயம்.

கடைசியாக, உங்கள் அண்ணன் பாகப்பத்திரத்தில் செய்த மோசடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வழக்குப் போட்டால் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டீர்கள். ஆகாது. வக்கீலைப் பாருங்கள், உங்கள் பங்கைக் கேளுங்கள். போனது இவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் பாருங்கள். ‘பரவாயில்லை’ என்று மழுப்பாதீர்கள். அவர் நாசமாகப் போக வேண்டும் என்ற நினைப்பை மட்டும் விட முயலுங்கள். உங்களுக்கு உண்மையில் வலிக்கப்போவது அந்த இடம்தான். அதற்கு நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். சீக்கிரம் மன்னித்துவிடு என்று யாராவது அவசரப்படுத்தினால், அவர் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்